வாய்தாவில் பிழைத்த சந்தை

லண்டன் வந்து இரண்டாவது மாதம். 2009 டிசம்பர். கணவருக்குக் கல்லூரி, எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. முதல் சம்பளத்திலிருந்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், எங்கே போய் அனுப்புவது என்று தெரியாது. டாட்டன்ஹாமில் செவன் சிஸ்டர்ஸ் சுரங்க ரயில் நிலையத்தின் படியேறி வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்திலேயே ஒரு பலகை. அதில் கடைசிச் சொல் ‘பைசா’. எனக்கு வேறென்ன வேண்டும்? காசு அனுப்பும் கடைதான் என்று நேராக உள்ளே போய்விட்டேன்.

அது சாப்பாட்டுக் கடை. பெரிய தட்டில் சோறு, சிவப்பு அவரை, கொத்துக்கறி, பொரித்த முட்டை, வறுத்த வாழைப்பழம் எல்லாம் வைத்து ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பெயர் ‘பண்டேஜா பைசா’. பைசா என்றால் கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா பக்கத்து ஆட்கள் என்பதும், பலகையில் இருந்த ‘புவெப்லிட்டோ பைசா’ என்றால் பைசாக்காரர்களின் சின்ன ஊர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அங்கே மெதயின் நகரத்துக் குன்று ஒன்றின் மேல் இதே பெயரில் ஒரு மாதிரிக் கிராமம் கட்டி வைத்திருக்கிறார்களாம். சோற்றுக் கடையில் பணம் கட்ட வந்த என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மா கையைப் பிடித்து இரண்டு சந்து தள்ளிக் கூட்டிப் போனார். அங்கே நிஜமாகவே பணம் அனுப்பும் கவுன்ட்டர் இருந்தது. பொகோட்டாவுக்கும் லாகோஸுக்கும் அனுப்புகிற வரிசையில் நின்று கும்பகோணத்துக்கு அனுப்பினேன்.

வெளியே இருந்து பார்த்தால் பாழடைந்த கட்டடம். மேல்மாடி ஜன்னல்களில் பலகை அடித்திருக்கும். உள்ளே நுழைந்தால் வேறு உலகம். ஆளுயரத் தடுப்புகளால் பிரித்த சின்னச் சின்னக் கடைகள், நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவுக்குச் சந்துகள். சுமார் 40 வியாபாரிகள். பெரும்பாலும் கொலம்பியாவும் சுற்றுப்பட்ட நாடுகளும், இடையிடையே ஆப்பிரிக்கர்கள், கரீபியர்கள், இன்னும் எந்தெந்த ஊர்க்காரர்களோ. இறைச்சிக் கடை, நகம் பூசும் கடை, கத்தோலிக்கக் குழந்தைகளின் முதல் நன்மைச் சடங்குக்கு உடை தைக்கிற கடை, விமானச் சீட்டு, ஃபோன் பழுது பார்ப்பது. ஒரு கடையின் பாட்டு அடுத்த கடையின் பாட்டோடு மோதும். ஆங்கிலம் தெரியாத குறை எனக்கு அந்த ஊரில் வேறெங்கும் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. அங்கே பாதிப் பேருக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

முடிவெட்டிக்கொள்ள ஒரு அக்கா கிடைத்தார். அவருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை, அதனால் ‘மி அமோர்’ என்றுதான் கூப்பிடுவார். என் அன்பே என்று அர்த்தம். கேட்ட முதல் நாள் கூசியது. அப்புறம் பார்த்தால் வருகிற எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார், நம் பக்கம் ‘கண்ணு’ என்பதுபோல. அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தச் சந்தையின் உண்மையான வியாபாரத்தைப் பார்த்தேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சந்துகளில் ஓடும். தாய் எந்தக் கடையில் இருந்தாலும் பிள்ளைக்கு எல்லாக் கடையிலும் கண் இருக்கும். ஒரு பெரியவர் கவுன்சில் கடிதத்தை எடுத்து வருவார், ஃபோன் கடைப் பையன் படித்துச் சொல்வான். வேலை தேடி வந்தவள் மூன்று கடை ஏறி இறங்கினால் எங்காவது துப்புரவு வேலைக்கு ஆள் கேட்ட செய்தி கிடைக்கும். இதற்கெல்லாம் ரசீது கிடையாது. ரசீது இல்லாததால்தான் பின்னால் வந்த கணக்குகளில் இது எதுவும் ஏறவில்லை என்று நினைக்கிறேன்.

செவன் சிஸ்டர்ஸ் என்றால் ஏழு சகோதரிகள். பக்கத்திலிருக்கும் பேஜ் கிரீன் புல்வெளியில் ஒரு வால்நட் மரத்தைச் சுற்றி ஏழு எல்ம் மரங்கள் நின்றனவாம். ஏழு அக்கா தங்கைகள் பிரியும்போது நட்டது என்று கதை. பழைய மரங்கள் போய், 1997இல் புதிதாக நட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளக்கரையில் ஏழு கன்னிமார் கல் வரிசையாக இருக்கும், அதுதான் எனக்கு நினைவு வரும்.

கட்டடத்துக்கு வார்ட்ஸ் கார்னர் என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வார்ட்ஸ் என்ற பெரிய மரச்சாமான் கடை அங்கே இருந்தது, மூன்று மாடி, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். 1968இல் அடியில் விக்டோரியா லைன் ரயில் வந்தது. 1972இல் கடை மூடிப்போனது. இடம் லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்குப் போய், மேல்மாடிகள் அப்படியே பூட்டிக் கிடந்தன. கீழ்த்தளத்தில் வாடகை குறைவு, பார்ப்பாரில்லை. லத்தீன் அமெரிக்கர்கள் அங்கே வந்து சேர்ந்தது இப்படித்தான். யாரும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. புறக்கணித்துப் போட்ட இடத்தில் தானாக முளைத்தது.

ஆனால் நிலையத்தின் தலைமேல் இருக்கும் நிலம். மத்திய லண்டனுக்குக் கால் மணி நேரம். எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்?

நான் போய்ச் சேர்ந்தபோதே வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான ஹாரிங்கே கவுன்சில் 2007இல் கிரெய்ஞ்சர் என்ற கட்டட நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. சந்தையோடு சேர்த்து அந்த முனை முழுவதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகளும் புதுக் கடைகளும் கட்டுவது. 2008 இறுதியில் அனுமதியும் ஆயிற்று. அக்கம்பக்கத்து மக்களும் வியாபாரிகளும் சேர்ந்து வார்ட்ஸ் கார்னர் சமூகக் கூட்டணி என்று ஒன்றை அமைத்து நீதிமன்றம் போனார்கள்.

இதையெல்லாம் முடிவெட்டும் அக்கா கத்தரியோடு அபிநயம் பிடித்துத்தான் எனக்குச் சொன்னார். நான் அதை ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சுக்கு நடுவிலும் வாய்தா, தடையாணை, மேல்முறையீடு என்ற சொற்கள் வரும். லண்டனில் நான் என்ன சாப்பிட்டேன் என்பதைவிட இந்த வழக்கு அவருக்கு ருசித்தது. “பாப்பா, அந்தச் சந்தை கேஸ் என்னாச்சு?” என்று கேட்காமல் ஃபோனை வைக்க மாட்டார்.

2010 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அனுமதி செல்லாது. காரணம்தான் அப்பாவுக்குப் பிடித்தது. இங்கிலாந்தில் 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் என்று ஒன்று அப்போது இருந்தது. அதன் 71ஆவது பிரிவுப்படி, எந்த முடிவு எடுத்தாலும் அது இனச் சமத்துவத்தையும் இனங்களுக்கு இடையிலான நல்லுறவையும் எப்படிப் பாதிக்கும் என்று உள்ளாட்சி அமைப்பு யோசித்தாக வேண்டியிருந்தது. அந்தச் சந்தையில் கடை போட்டிருப்பதும் அந்த முனையில் குடியிருப்பதும் பெரும்பாலும் சிறுபான்மை இனத்தார். இடித்தால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று கவுன்சில் முறையாக யோசித்ததற்கான அடையாளமே ஆவணங்களில் இல்லை. “இடிக்காதே என்று கோர்ட் சொல்லல பாப்பா,” என்று அப்பா விளக்கினார். “யோசிச்சிட்டு இடி என்று சொல்லியிருக்கு. ஆனா யோசிக்க நாளாகும்ல, அந்த நாளு உங்க சந்தைக்கு லாபம்.”

வக்கீல் குமாஸ்தா புத்தி என்று சிரித்தேன். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருந்தது என்பது புரிய எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டாட்டன்ஹாம் பற்றி எரிந்தது. போலீஸ் சுட்டு ஒருவர் இறந்ததில் தொடங்கிய கலவரம், ஹை ரோட்டில் கட்டடங்கள் எரிந்தன, இரவெல்லாம் எங்கள் தலைக்கு மேல் ஹெலிகாப்டர். வயிற்றில் பிள்ளையோடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அடங்கியதும் ஊரெங்கும் ஒரே சொல்: மேம்பாடு. டாட்டன்ஹாமை மேம்படுத்த வேண்டும். யார் மறுப்பார்கள்? எங்கள் தெருவிலும் குப்பை கிடந்தது, சுவர்கள் ஈரம் பூத்திருந்தன, நல்ல வீட்டுக்கு நாங்களும்தான் ஏங்கினோம். ஆனால் அந்தச் சொல்லின் வாசனை அடித்தாலே பக்கத்து வீட்டு ஜமைக்காப் பாட்டி பெட்டியைக் கட்டுவதுபோலச் சைகை காட்டுவார்.

2012இல் திருத்திய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 196 வீடுகள். அதில் சாமானியர்களுக்குக் கட்டுபடியாகும் வீடு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை. நான் இதை இரண்டு முறை படித்தேன், பூஜ்யம் என்பது அச்சுப்பிழையோ என்று.

அந்தப் பூஜ்யம் எப்படி வருகிறது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் விளக்கினார். பெரிய அடுக்குமாடி கட்ட வருகிறவரிடம், ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கச் சொல்லிக் கவுன்சில் கேட்கலாம். பில்டர் ஒரு கணக்குக் கொடுப்பார். நிலத்துக்கு இவ்வளவு, கட்ட இவ்வளவு, வட்டி இவ்வளவு, விற்றால் இவ்வளவு வரும். அதில் அவருக்குரிய லாபமும் முன்கூட்டியே கழிக்கப்பட்டிருக்கும். பொதுவாக மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம். எல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் ஏழைக்கு வீடு. மிச்சம் இல்லையென்றால் இல்லை, அது சட்டப்படி சரிதான். அப்பாவிடம் சொன்னேன். “லாபத்தைச் செலவுப் பக்கம் எழுதுற கணக்கை நம்ம மார்வாடிகூடக் கேட்டிருக்க மாட்டார்” என்றார்.

நானும் ஒரு ஆட்சேபணைக் கடிதம் எழுதினேன். வாழ்க்கையில் அரசாங்கத்துக்கு நான் எழுதிய முதல் கடிதம். என்ன எழுதுவது? பாரம்பரியக் கட்டடம், பாதுகாக்கப்பட்ட பகுதி என்றெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் என் பிள்ளையைப் பற்றி எழுதினேன். ஆறு மாதக் குழந்தையோடு முடிவெட்டப் போனால் வெட்டி முடிக்கும்வரை அவன் எந்தக் கையில் இருக்கிறான் என்று நான் தேட வேண்டியதில்லை, இந்த வசதி உங்கள் வரைபடத்தில் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. வந்து சேர்ந்தது என்று ஒரு எண் மட்டும் வந்தது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எதிர்ப்பு என்றால் கொடி பிடிப்பது, கோஷம் போடுவது என்றுதான் எனக்குப் பழக்கம். இவர்கள் அதோடு நிற்கவில்லை. இடிக்காமல் என்ன செய்யலாம் என்று தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். கட்டடக் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து, சந்தையைக் கீழே அப்படியே வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் மேல்மாடிகளைச் சீர்செய்து பயன்படுத்துவதற்கு வரைபடம் போட்டு, கவுன்சிலில் முறைப்படி விண்ணப்பித்தார்கள். 2014இல் அதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே இடத்துக்கு இரண்டு அனுமதி! இடிப்பதற்கு ஒன்று, காப்பதற்கு ஒன்று. நிலம் தங்களுடையது இல்லை, கையில் பணமும் இல்லை, ஆனால் ‘வேறு வழியே கிடையாது’ என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார்கள். அந்தத் தாள்தான் கடைசிவரை அவர்களின் பிடிமானம்.

சரி, பில்டர் தரப்பில் நியாயமே இல்லையா? இருந்தது. சந்தையை ஒழிப்பதாக அவர்கள் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் அவர்களே கட்டும் இன்னொரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தற்காலிகச் சந்தை, பிறகு புதுக் கட்டடத்தில் நிரந்தர இடம், ஆரம்ப ஆண்டுகளுக்கு வாடகைக்கு உச்சவரம்பு, இடம் மாறும் செலவுக்கு உதவி. நல்ல மின்சார இணைப்பு, ஒழுகாத கூரை. பழைய கட்டடத்தில் மழை நாளில் வாளி வைத்திருந்த கடைகளை நானே பார்த்திருக்கிறேன். எதிர்ப்பவர்கள் ஏழ்மையை ரசிக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. வாரம் ஒருமுறை எம்பனாடா, அதாவது உள்ளே கறி வைத்துப் பொரித்த பலகாரம், தின்ன வருகிறவருக்கு ஒழுகும் கூரைகூட அழகுதான்.

ஆனால் கும்பகோணத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியும், கடையைப் பெயர்த்து நட்டால் வேர் பிடிக்கிறவரை தண்ணீர் ஊற்ற யார் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி. உச்சவரம்பு முடிந்த மறுநாள் வாடகை என்ன ஆகும்? முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் ஃபோன் கடை இருக்குமா, இல்லை வாடகை கொடுக்க முடிந்த காபிக் கடையா? லண்டனிலேயே எலிஃபன்ட் அண்ட் காசிலில் இதே கதை நடந்தது. லத்தீன் அமெரிக்கர்கள் கூடும் இன்னொரு பெரிய இடம், 1965இல் திறந்த வணிக வளாகம். அங்கேயும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2020 செப்டம்பரில் மூடி, அடுத்த வருஷம் இடித்தே விட்டார்கள். ஒரு கடை இங்கே, ஒரு கடை அங்கே என்று வியாபாரிகள் சிதறினார்கள். இடம் கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு.

2016இல் கவுன்சில் கட்டாயக் கையகப்படுத்தும் உத்தரவு போட்டது. நம் ஊரில் ரோடு போட நிலம் எடுப்பார்களே, அந்த மாதிரி. பொதுநலனுக்கு என்று எடுத்து பில்டரிடம் கொடுப்பது. 2017 ஜூலையில் அதன்மேல் பொது விசாரணை நடந்தது. அதே மாதம் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை வல்லுநர்கள் இதில் தலையிட்டு, இந்தத் திட்டம் அங்கே பிழைப்பவர்களின் பண்பாட்டு வாழ்க்கைக்கு அச்சுறுத்தல் என்று அறிக்கை விட்டார்கள். டாட்டன்ஹாமில் ஒரு ஒழுகும் கூரைக்காக ஜெனீவா பேசியது! சந்தையில் அன்றைக்குத் திருவிழாதான். அக்கா அந்தச் செய்தியை அச்செடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார், புனித மார்த்தா படத்துக்குப் பக்கத்தில்.

அப்பா மட்டும் குதிக்கவில்லை. “ஐநா சொன்னா ஜட்ஜ் கேக்கணும்னு இல்ல. எத்தனை வருஷமாச்சு?” என்றார். பத்து என்றேன். “கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான் பாப்பா. அந்த முடிவெட்டுற பொண்ணு எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”

நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த முறை போனபோது கேட்டேன். கத்தரியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எந்த வருஷம் இடிப்பார்கள் என்று தெரியாததால் கண்ணாடி மாற்றவில்லை, நாற்காலி மாற்றவில்லை, கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கவும் வழியில்லை. உடைந்த குழாயை யார் சரிசெய்வது என்று கேட்டால், இடிக்கப்போகிற கட்டடத்துக்கு எதற்கு என்கிற மாதிரியே ஒரு பதில். “எதிர்ப்பக்கம் புது இடம் கொடுத்தால் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவர்களைத் திட்டினேன். ராத்திரி வீட்டில் படுத்தால் எனக்கும் அதுதான் தோன்றுகிறது” என்றார். வியாபாரிகளுக்குள்ளேயே பிளவு வந்திருந்தது. ஒரே சந்தில் கடை வைத்திருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசாமல் போனார்கள்.

கூட்டங்களில் ‘நம் சமூகம்’, ‘நம் சந்தை’ என்று நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் நான் கடை வாடகை கட்டவில்லை. தோற்றால் எனக்குப் போவது ஒரு நல்ல தட்டுச் சோறும் ஒரு தோழியும். அவருக்குப் போவது பிழைப்பு. ஆதரவாளர்களாகிய எங்களுக்கு ஒவ்வொரு தள்ளிவைப்பும் வெற்றி. அவருக்கு ஒவ்வொரு தள்ளிவைப்பும் இன்னொரு வருஷம் பழைய நாற்காலி. இந்த வித்தியாசத்தை மேடையில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

2019 ஜனவரியில் கையகப்படுத்தும் உத்தரவு உறுதியானது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் எதிர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவ்வளவுதான் என்று நினைத்தோம். அந்தக் கிறிஸ்துமஸ் சந்தையில் கொஞ்சம் மௌனமாகத்தான் இருந்தது. பாட்டு ஓடியது, யாரும் ஆடவில்லை.

அப்புறம் 2020 மார்ச். கொரோனாவுக்காக ஊரெல்லாம் கடை மூடினார்கள், சந்தையும் மூடியது. ஊரெல்லாம் திறந்தபோது சந்தை திறக்கவில்லை. உள்ளே மின்சார இணைப்புகள் ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சோதனையில் தெரிந்து, பழுதுபார்க்காமல் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை ஆண்டு வழக்குகளும் விசாரணைகளும் செய்யாததை ஒரு வைரஸும் பழைய ஒயரும் சேர்ந்து செய்தன. துணி போட்டு மூடிய நாற்காலிகள் உள்ளேயே கிடந்தன.

2021 ஆகஸ்டில் ஒரு நாள் வேலைக்குப் போகும் பேருந்தில் ஃபோனில் செய்தி வந்தது. கிரெய்ஞ்சர் விலகிக்கொண்டது. தாமதமும் செலவும் கூடிப்போய்த் திட்டம் இனிக் கட்டுபடியாகாது என்பது சாரம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பூஜ்யம் வீடு கொடுத்த அதே கணக்கு. இந்த முறை அது பில்டரையே வெளியே தள்ளியிருந்தது. வழக்குகளில் இவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். 2010 தீர்ப்பு ஒன்றுதான் முழு வெற்றி. ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷங்கள் சேர்ந்து சேர்ந்து கட்டுமானச் செலவாகவும் வட்டியாகவும் மாறி எதிராளியின் கணக்கைக் கவிழ்த்தன.

பேருந்திலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டேன். அப்போது அவருக்குக் காது மந்தம். பேருந்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“ஜெயிச்சாச்சுப்பா! பில்டர் போயிட்டான்!”

“கடை திறந்தாச்சா?”

“இல்லப்பா. இனிமேத்தான். ரிப்பேர் பண்ணணும், பணம் திரட்டணும்...”

“எப்போ?”

“தெரியலப்பா.”

“அப்போ இன்னும் வாய்தாதான்னு சொல்லு.”

அவர் சொன்னதுதான் நடந்தது. நிலத்துக்குச் சொந்தமான போக்குவரத்து நிறுவனம் சந்தையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றே சொன்னது, மக்கள் போட்ட திட்டத்துக்கும் ஆதரவு தெரிவித்தது. கூட்டணிக்காரர்கள் அதை நடத்துவதற்கென்று முறைப்படி ஒரு சமூக நலச் சங்கம் அமைத்தார்கள், ஊர்க்காரர்கள் உறுப்பினராகும்படி. எல்லாம் நல்லதுதான். ஆனால் வென்ற பிறகும் அந்தக் கதவு வருஷக்கணக்கில் சாத்தியே கிடந்தது. ஐம்பது வருஷம் கவனிக்காமல் விட்ட கட்டடத்தைச் சீர்செய்வது, அதை ஐந்து வருஷத்தில் இடித்துக் கட்டுவதைவிடச் சிரமம் போலிருக்கிறது. நிலைய வாசலில் இறங்கும்போதெல்லாம் பார்ப்பேன். வெளிச்சுவரில் வண்ண ஓவியம், உள்ளே இருட்டு. அந்தப் பலகையில் இருந்த பைசா வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப நான் இப்போது எந்தக் கவுன்ட்டருக்கும் போவதில்லை. ஃபோனில் இரண்டு தட்டு தட்டினால் அப்பாவின் கணக்கில் ஏறிவிடுகிறது. சந்தை மூடிய அந்த மார்ச்சில் கற்றுக்கொண்டது. கதவைத் திறந்தாலும் அந்த வரிசையில் நான் நிற்கப் போவதில்லை. பில்டரை எதிர்த்துக் கடிதம் எழுதிய எனக்கு இதை எதிர்த்து யாருக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியவில்லை.

முடிவெட்ட மட்டும் இன்னும் அக்காவிடம்தான் போகிறேன். வடக்கு லண்டனிலேயே எட்மன்டனில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஐந்தாவது தளம், சமையலறை. அடுப்பில் சான்கோச்சோ கொதிக்கும், மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் கோழியும் போட்ட சூப். ஜன்னல் கண்ணாடிதான் முகம் பார்க்கும் கண்ணாடி. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் வர முடியும். அதனால் அங்கே யாரோடும் மோதிக்கொள்வதில்லை, யாரும் கடிதம் படித்துச் சொல்லக் கேட்டு வருவதுமில்லை. போன முறை போனபோது அவர் மகள் மேசையில் மடிக்கணினியை வைத்துப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக ஓடிய ஆறு வயதுப் பெண் அவள்தான்.

என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். நகரத் திட்டமிடல் என்றாள். அக்கா என் தலையைக் கையால் பிடித்து நேராக நிறுத்தினார்.

“அசையாதே, மி அமோர்.”